பாவம் என்று எழுதாதே

போன மே மாதம் பெரியம்மா மகன் போன் செய்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. “ஏம்மா, பாப்பா என்னமோ பி.எஸ்.டபிள்யூ.தான் படிப்பேன்னு நிக்கிறா. நீ படிச்சதுதானே அது? படிச்சா என்ன ஆகலாம்?” நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது. “நாலு பேருக்கு நல்லது செய்ய மனசு இருந்தா போதாதா? அதுக்கு எதுக்கு மூணு வருஷம் ஃபீஸ் கட்டணும்?”

2006இல் நான் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் பின்னாலேயே வருகிறது. அப்பா கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். எதுவும் யாருக்கும் ஒட்டியதில்லை. அண்ணனிடமும் “அப்புறம் பேசுறேண்ணே” என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதுதான்.

ஊர்ப் பெயர், கல்லூரிப் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இதில் வராது. காவிரிக்கரை நகரம் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் மனம்விட்டுப் பேசியவரை அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது என்பதும் அந்த மூன்று வருடத்தில் படித்ததுதான்.

பி.எஸ்.டபிள்யூ. என்றால் இளங்கலை சமூகப்பணி. வகுப்பில் யாராவது வாய் தவறி ‘சமூக சேவை’ என்று சொல்லிவிட்டால் சார் பாடத்தை நிறுத்திவிட்டு ‘பணி’ என்று திருத்துவார். அன்று அது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் ஃபீல்டு; எங்களுக்கு வியாழனும் வெள்ளியும். ஒரு காப்பகம், ஒரு மருத்துவமனை, ஒரு குடிசைப் பகுதி, ஒரு முதியோர் இல்லம் என்று செமஸ்டருக்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ஏஜென்சி. அங்கே நம்மைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கல்லூரியில் ஒருவர். போன இடம், பார்த்த ஆள், பேசிய பேச்சு எல்லாவற்றையும் ரெக்கார்டில் எழுதித் திங்கட்கிழமை காலை சாரின் மேஜையில் வைத்துவிட வேண்டும். அப்புறம் ஐ.சி., அதாவது இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ். நாங்கள் அதை ஐ.சி.யு. என்போம். உள்ளே போனவர் எந்த நிலையில் வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது.

என் முதல் ஏஜென்சி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளோடு வேலை செய்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். அவர்கள் தந்த பட்டியலில் முதல் வீட்டுக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பெண், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா வெங்காய மண்டியில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை. அப்பா லோடுமேன். மாலை நான்கு மணிக்குப் போய், வாசல்படியில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் பேசினேன். பெண் கல்வி எவ்வளவு முக்கியம், படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம், கலெக்டர்கூட ஆகலாம் என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி “ஆமாம்மா, ஆமாம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. ரெக்கார்டில் எழுதினேன்: ‘பாவம், அந்தத் தாய்க்குக் கல்வி குறித்த விழிப்புணர்வு இல்லை.’

ஐ.சி.யில் சார் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ‘பாவம்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ‘விழிப்புணர்வு’க்கு அடியில் இரண்டு கோடு.

“பாவம்னு யார் சொன்னா?”

“நான்தான் சார்.”

“அந்தம்மா சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“விழிப்புணர்வு இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பொண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பலையே சார்.”

“ஏன் அனுப்பலைன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் அந்த ஒரு கேள்விக்கு இடமே வரவில்லை. “சரி, வீட்டுல என்னென்ன இருந்துச்சு?” என்றார். அதுவும் தெரியவில்லை. டீ டம்ளர் சில்வரா கண்ணாடியா என்றுகூட ஞாபகம் இல்லை. “அடுத்த தடவை போனா எதுவும் சொல்லாதே. பார்த்துட்டு மட்டும் வா” என்று நோட்டைத் தள்ளினார். வெளியே வந்து கழிப்பறையில் போய் அழுதேன். சமூகப்பணி மாணவிகள் அழும் இடம் அது. எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த வியாழன் போனேன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் ஓரத்தில் பிளாஸ்டிக் குடங்கள். எண்ணினேன்: 12. அதற்கு அடுத்த வியாழன், என்ன தோன்றியதோ, காலை 9 மணிக்கே போனேன். அந்தப் பெண் தெருக்குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் வருவது 9 மணிக்கு, நிற்பது பத்தரைக்கு. பள்ளியில் முதல் மணி 9.20க்கு. அம்மா மண்டிக்குக் கிளம்புவது விடியற்காலை 5 மணிக்கு. பொங்கலுக்கு முன்புவரை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது அக்கா; தை மாதம் அக்காவுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை. அந்த அம்மாவுக்குக் கல்வியின் அருமை என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. குழாய் நேரம்தான் தெரு மக்களுக்கு ஏற்றதாக இல்லை.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். தெருப் பெண்களைக் கூட்டினோம், மனு எழுதினோம், 40 கையெழுத்து. குழாய் நேரம் காலை ஆறரைக்கு மாறியது. ஆறு வாரம் அப்படியே வந்தது. பிறகு பழையபடி 9 மணி. கடைசியில் வழி கண்டுபிடித்தது அந்த அம்மாவேதான். அடுத்த வீட்டுப் பாட்டி குடங்களை வரிசையில் வைத்துப் பிடித்துவைப்பார். பதிலுக்குச் சாயங்காலம் பெண் போய் அவருக்குக் கடை கண்ணிக்குப் போய்வருவாள். இந்த ஏற்பாட்டில் என் பங்கு பூஜ்யம். பெண் மறுபடி பள்ளிக்குப் போனாள். ஒன்பதாம் வகுப்புவரை போனாள் என்று கேள்வி. அதற்குள் எனக்கு செமஸ்டர் முடிந்து ஏஜென்சி மாறிவிட்டது. ஒரு குடும்பத்தின் வாசலில் நாலு மாதம் உட்கார்ந்துவிட்டு, பரீட்சை வந்தது என்று எழுந்துபோவது பற்றி எந்தப் பாடப் புத்தகமும் எனக்குத் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை.

அண்ணன் கேட்ட ‘மனசு’ அந்த முதல் நாள் என்னிடம் நிறையவே இருந்தது. அந்த முக்கால் மணி நேர அறிவுரை முழுக்க மனசின் வேலைதான்.

இரண்டாம் வருடம் முதியோர் இல்லம். கேஸ் ஒர்க், அதாவது தனி ஆளோடும் அவர் குடும்பத்தோடும் வேலை செய்யும் முறை. அந்தப் பாடத்தில் ஜெனோகிராம் வரையக் கற்றிருந்தோம். குடும்பத்தை ஒரே தாளில் வரைகிற முறை. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், இறந்துபோனவர் என்றால் உள்ளே பெருக்கல் குறி, சண்டை என்றால் கோணல்மாணலான கோடு. எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். மூன்று மகன், ஒரு மகள், மருமகள்கள், பேரன் பேத்திகள். வரைந்து முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டே வந்தவர், இரண்டாவது மகனுக்கும் மகளுக்கும் நடுவே நிறுத்தினார். “இங்க ஒண்ணு விட்டுப்போச்சு. பொறந்து மூணு நாள்ல போயிட்டான். அவனையும் போடு.” சின்னதாக ஒரு சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி இட்டேன். “ம், இப்பச் சரி” என்றார். இந்த இல்லத்தில் ஆறு வருடமாக இருக்கிறாராம். யாரிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியதில்லையாம். நான் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். தாளில் காலி இடம் இருந்ததால் சொன்னார்.

ரெக்கார்டில் இன்னொரு சிக்கல் மொழி. ரெக்கார்டு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். ஒரு அம்மா “வயிறெல்லாம் பத்தி எரியுது தாயி” என்று சொல்லியிருப்பார். நாங்கள் ‘ஷீ வாஸ் அப்செட்’ என்று எழுதிவைப்போம். “மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்”, “நான் ஒரு நடைப்பொணம்”, “என் கூறு அவ்வளவுதான்” எல்லாமே ‘அப்செட்’தான். எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவு. ஒருநாள் சார் ஐந்து பேருடைய ரெக்கார்டை வரிசையாக வைத்து, “இந்த ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் அப்செட் ஆவாங்களா?” என்றார். அன்றிலிருந்து எங்கள் பேட்சுக்கு மட்டும் ஒரு சலுகை: அவர்கள் சொன்ன வாக்கியம் மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே வரலாம். என் ரெக்கார்டு நோட்டுகளில் இன்றைக்கும் எடுத்துப் படிக்கும்படி இருப்பது அந்த மேற்கோள் குறிக்குள் இருப்பது மட்டும்தான். சுற்றி நான் எழுதிய ஆங்கிலத்தைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

பாடப் புத்தகங்களும் அப்படித்தான், வேறு ஊரிலிருந்து வந்தவை. 1869இல் லண்டனில் ஆரம்பித்த தர்மச் சங்கம், 1889இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லம், 1917இல் மேரி ரிச்மண்ட் கேஸ் ஒர்க்கை ஒரு முறையாக வகுத்தது எல்லாம் மனப்பாடம். சிகாகோவில் பேராசிரியராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் எழுதிய ஏழு கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். அதில் ஒன்று ரகசியம் காத்தல். சரி, பத்துக்குப் பத்து வீடு, கதவே இல்லாத வாசல், நாம் போய் உட்கார்ந்ததும் எட்டிப்பார்க்க வரும் ஏழெட்டுத் தலைகள், நடுவில் “நீங்க கேளுங்க, நான் சொல்றேன் அவளுக்கு என்ன பிரச்சினைன்னு” என்று முந்திக்கொள்ளும் நாத்தனார். இதில் ரகசியத்தை எங்கே காப்பது? ரேஷன் கடைக்கு நடக்கும்போது கூடவே நடப்பது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்காருவது, பேன் பார்க்கிற நேரத்தில் போவது என்று நாங்களாகக் கண்டுபிடித்தோம். இன்னொரு கோட்பாடு, முடிவை அவரவரே எடுக்கும் உரிமை. “எங்க அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று ஒரு பெண் சொன்னால் அது அவளுடைய முடிவா, அண்ணனுடைய முடிவா? இதைப் பற்றி வகுப்பில் இரண்டு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

புத்தகத்தில் இல்லாத இன்னொன்று: “நீங்க என்ன ஆளுங்க?” வீட்டுக்குப் போன முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள், தண்ணீர் கொடுப்பதற்கு முன்போ பின்போ. சிலர் நேராகக் கேட்பார்கள். சிலர் “சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலசாமி எது” என்று சுற்றி வருவார்கள். பதினெட்டு வயதில் இந்தக் கேள்விக்கு முன்னால் உட்காருவது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. எனக்கு அது ஒரு சங்கடம். என் வகுப்பில் சிலருக்கு அது அந்த வீட்டுக்குள் மேற்கொண்டு நுழைவதா வேண்டாமா என்கிற கேள்வி.

அதைச் சரியாக உணர்ந்தது இரண்டாம் வருடக் கிராம முகாமில். மலையடிவாரத்தில் ஒரு ஊர், ஏழு நாள், பள்ளிக்கூடத்தில் படுக்கை. பாய், தலையணை, அண்டா, அரிசி மூட்டையோடு லாரியில் போய் இறங்கினோம். காலையில் தெருச் சுத்தம், மாலையில் வீதி நாடகம். மூன்றாம் நாள் சமூக வரைபடம். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வழியாகப் பரவிய பங்கேற்பு முறைகளில் ஒன்று: ஊர் மக்களே தரையில் கோலப்பொடியும் கலர்ப்பொடியும் வைத்துத் தங்கள் ஊரை வரைய வேண்டும், நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். மாரியம்மன் கோயில் திடலில் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் உற்சாகமாக வரைந்தார்கள். கோயில், கிணறு, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, மூன்று தெரு, வீட்டுக்கு ஒரு கூழாங்கல். வடக்கே ஓடைவரை வந்து நிறுத்திவிட்டார்கள். “முடிஞ்சுதுப்பா” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

எங்கள் செட்டில் ஒருவன் கேட்டான்: “ஏண்ணே, இந்த ஊர்ல காலனி இல்லையா?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “இருக்கு தம்பி, அது அந்தப் பக்கம்” என்றார் ஒருவர், ஓடையைத் தாண்டிக் கையைக் காட்டி.

மறுநாள் ஓடையைத் தாண்டிப் போனோம். அங்கே வரைந்தது பெண்களும் பிள்ளைகளும். அடிபம்பில் ஆரம்பித்தார்கள், சுடுகாட்டுப் பாதை எங்கே முள்வேலியில் முட்டி நிற்கிறது என்று காட்டினார்கள், அப்புறம் தாங்களாகவே ஓடையைத் தாண்டி ஊரையும் வரைந்தார்கள். முதல் நாள் ஊர்க்காரர்கள் வரைந்ததைவிட ஊர் அதில் துல்லியமாக இருந்தது. யார் வீட்டுக் கொல்லைக்கு எந்தப் பக்கம் வழி, எந்த மாட்டுத்தொழுவம் எங்கே என்பதுவரை. தினமும் அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாதா என்ன.

இரண்டு வரைபடங்களையும் சார்ட்டில் எடுத்து எழுதினோம். நிறைவு விழாவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று நாங்கள் பாதிப் பேர் நின்றோம். சார் ஒப்புக்கொள்ளவில்லை. “நாளைக்குக் காலையில நாம பஸ் ஏறிடுவோம். அவங்க இங்கதான் இருக்கணும். ஒட்டலாமான்னு அவங்களைக் கேட்டீங்களா?” என்றார். கேட்டோம். காலனிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு “வேணாம் சாமி” என்றார்கள். ஒட்டவில்லை. அன்று சார் செய்தது சரி என்று சில வருடம் நினைத்தேன், கோழைத்தனம் என்று சில வருடம் நினைத்தேன். காலனியைப் பற்றிக் கேட்ட அந்த நண்பன் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறான். போன வருடம் பேசும்போது இதைக் கேட்டேன். “அவங்க வேணாம்னு சொன்னது சரிதான். ஆனா நம்மள்ல யாரும் ‘நீ என்னடா நினைக்கிறே’ன்னு என்னைக் கேக்கலையே” என்றான். நானும் அன்று கேட்கவில்லை.

படிப்பின் லட்சணம் எல்லாம் இப்படியே இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஓர் ஏஜென்சியில் ஒரு மாதம் முழுக்க எங்களுக்கு ஜெராக்ஸ் எடுக்கும் வேலைதான். இன்னோர் இடத்தில் வெளிநாட்டு நன்கொடையாளர் வரும் நாட்களில் மட்டும் போன் வரும். பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து கைதட்டுவதைப் போட்டோ எடுப்பார்கள். போகாத வெள்ளிக்கிழமைக்கும் ரெக்கார்டு எழுதுவது எல்லாச் செட்டிலும் நடப்பதுதான். நானும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறை நான் கற்பனையில் உருவாக்கிய கணவன் மனைவிச் சண்டையைப் படித்துவிட்டு சார் ஓரத்தில் ‘வசனம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு பொய் ரெக்கார்டு எழுதவில்லை.

சரி, அண்ணனின் முதல் கேள்விக்கு வருகிறேன். படித்தால் என்ன ஆகலாம்?

இந்தியாவில் இந்தப் படிப்பு ஆரம்பித்த விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1936இல் பம்பாயில், நாக்பாடா பகுதியில் ஏழைகளுக்கு மையம் நடத்திக்கொண்டிருந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் முன்கை எடுக்க, டாடா அறக்கட்டளை ஒரு பள்ளியை ஆரம்பித்தது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அதில் சேரப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். ஆக, சமூகப்பணி என்றால் பட்டத்துக்கு மேல் படிக்கிற ஒன்று என்று ஆரம்பத்திலேயே பதிந்துபோனது. பி.எஸ்.டபிள்யூ. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட தம்பி. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பாதிக்கு மேல் கேட்பது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுகலை சமூகப்பணிதான்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் சேரவோ எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். மூன்று வருடம் ஃபீல்டுக்குப் போன நாங்களும், கணிதமோ வேதியியலோ படித்துவிட்டு வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மேரி ரிச்மண்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். அமெரிக்காவில் இளங்கலை மாணவர் குறைந்தது 400 மணி நேரம் களப்பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதை முடித்தவருக்குப் பல பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்பின் காலத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் பதிவு செய்யாமல் ஒருவர் ‘சோஷியல் ஒர்க்கர்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் அது குற்றம். நம் ஊரில் சுவரொட்டியைப் பாருங்கள்: ‘தொழிலதிபர், கல்வியாளர், சமூக சேவகர்’. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல இந்தத் தொழிலுக்கு நாடு முழுமைக்குமான ஒரு கவுன்சில் கிடையாது. மருத்துவமனையிலும் மனநலத் துறையிலும் வேலை செய்கிற சமூகப்பணியாளர்களை மட்டும் 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அப்படியானால் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், காப்பகங்கள், தொண்டு நிறுவனத் திட்டங்கள். பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். எங்கள் வகுப்பில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் எம்.எஸ்.டபிள்யூ.வில் எச்.ஆர். எடுத்துப் போனவர்கள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னது. அந்த ஒரு பிரிவு எத்தனை சமூகப்பணிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பது வெளியில் தெரியாது. அவர்களை நாங்கள் கிண்டல் செய்வோம். மாதக் கடைசியில் அவர்களிடம்தான் கைமாற்றும் வாங்குவோம்.

எனக்கு முதல் வேலையில் மூன்று வருடம் ஒப்பந்தம். சம்பளம் நாலு மாதம் சேர்ந்து ஒருதடவை வரும். கேட்டால் பதில் ஒன்றுதான்: “சேவை மனப்பான்மையோட வர்றவங்கதான் இந்த ஃபீல்டுக்கு வரணும்.” அப்போதுதான் வகுப்பில் ‘சேவை’ என்று சொன்னபோதெல்லாம் சார் ஏன் அப்படித் திருத்தினார் என்று புரிந்தது. சேவை என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்பது அசிங்கமாகிவிடுகிறது.

படித்ததில் பாதி காலாவதியாகியும் போனது. நாங்கள் படித்தது 2000ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம். 2015இல் புதியது வந்தது. போக்சோ 2012இல் வந்தது, அதை வேலையில் இருக்கும்போதுதான் படித்தேன். ஒரு குழந்தை தனக்கு நடந்ததைச் சொல்லும்போது நம் முகம் எப்படி இருக்க வேண்டும், அவள் சொன்ன சொல்லை நம் சொல்லாக மாற்றாமல் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மட்டும் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அறிக்கையில் நான் ‘தவறாக நடந்துகொண்டார்’ என்று நாகரிகமாக எழுதிவிட்டால், அவள் சொன்னது காணாமல் போய்விடும். நீதிமன்றத்தில் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்கும்போது, முதல் செமஸ்டரில் போட்ட சிவப்பு வட்டத்தின் அருமை தெரியும்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்துக்கு வியாழன், வெள்ளிகளில் பி.எஸ்.டபிள்யூ. பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் ரெக்கார்டை நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சிலர் ஏ.ஐ.யிடம் கொடுத்து அழகாக எழுதி வாங்கிவருகிறார்கள். அதில் எல்லா அம்மாக்களும் ‘பொருளாதார ரீதியாகப் பின்தங்கிய சூழலில்’ வாழ்கிறார்கள். “குடம் எத்தனை இருந்துச்சு?” என்று கேட்டால் முழிக்கிறார்கள். போன செமஸ்டரில் ஒரு பையன் மட்டும், பேச்சு சரளமாக வராது, கையால் எழுதுவான், அதுவும் பிழையோடு. ஒரு தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தான்: ‘அவர் 20 நிமிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ரேடியோவை அணைத்தார். பிறகு மகள் பெயரைச் சொன்னார்.’ நான் எங்கும் பேனா வைக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.

அண்ணனிடம், பாப்பாவை ஒரு வியாழக்கிழமை அனுப்பி வைக்கச் சொன்னேன். வந்தாள். கவுன்சலிங் அறைக்குள் விட முடியாது. வெளியே காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் காலை 10 மணியிலிருந்து 4 மணிவரை உட்கார்ந்திருந்தாள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று மதியம் ஒருமுறை உள்ளே எட்டிப்பார்த்தாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வழியில் கேட்டாள்: “அத்தை, பச்சைப் புடவை கட்டிக்கிட்டு ஒரு அக்கா வந்தாங்கல்ல, அவங்க ஏன் பையை மடியிலயே வச்சுக்கிட்டு இருந்தாங்க? பெஞ்சுல எவ்வளவு இடம் இருந்துச்சு. ஒரு தடவைகூடக் கீழ வைக்கலை.”

அந்தப் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது, சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். பக்கத்துக் கல்லூரியில் பி.காம். கிடைத்துவிட்டதாம், கட்டிவிட்டார்களாம். “கோவிச்சுக்காதேம்மா. பி.காம்.னா பேங்குக்காவது பரீட்சை எழுதலாம்ல” என்றார். பாப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். குரல் கம்மியிருந்தது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்பதை அவளிடம் சொன்னேன். இத்தனை வருடம் நான் திட்டிக்கொண்டிருந்த விதி அது.